அணிநடைப் பாண்டு வாத்தியம்: அதனைச் செவிக்கு உரைக்குமாறு

கலைகளுள் சில கண்ணுக்கு உரியன. சில செவிக்கு உரியன. ஓவியமும் சிற்பமும் கண்ணின் வழியே உள்ளத்தை அடைகின்றன. பாட்டும் யாழும் செவியின் வழியே அடைகின்றன. கூத்தோ இவ்விரு வாயில்களையும் ஒருங்கே நாடுவது. அக்கூத்தின் இனத்தைச் சார்ந்ததாய், ஆயினும் அதனினும் வேறுபட்டதாய், மேனாட்டில் வளர்ந்துள்ள ஒரு கலை உண்டு. நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர் ஒரே சீருடை அணிந்து, ஒரே காலடி எடுத்துவைத்து, நடந்துகொண்டே வாசித்து, நிலத்தின்மீது கோடும் வட்டமும் எழுத்தும் வரைவர். அதனை ஈண்டு அணிநடைப் பாண்டு வாத்தியம் என்போம்.

இக்கலையில் ஈடுபட்டோர் சிலர் அதனைப் பற்றிப் பாட்காஸ்ட் நடத்தத் தொடங்கியுள்ளனர். பாட்காஸ்ட் என்பது, பேச்சையும் இசையையும் பதிந்து, விரும்பியவர் விரும்பிய வேளையில் கேட்குமாறு பகுதி பகுதியாய் வெளியிடும் ஒலித்தொடர். இப்பெயர் 2004-ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையில் முதன்முதல் வழங்கப்பெற்றது. வானொலி குறித்த நேரத்தில் வருவது. இஃது அழைத்த நேரத்தில் வருவது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றும் தருவனவல்ல.

இங்கே ஓர் ஐயம் எழும். பாதி கண்ணுக்கும் பாதி செவிக்கும் உரிய கலையைச் செவிக்கு மட்டும் எடுத்துரைத்தல் இயலுமோ? இயலுமாயின் அதனாற் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் இக்கலையின் வரலாற்றையும் இயல்பையும் சிறிது அறிதல் வேண்டும்.

1. தோற்றம்

இசைக்கருவியோடு நடத்தல் மிகப் பழைய வழக்கு. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பயணம் செய்தபொழுது இரண்டு வெள்ளிப் பூரிகைகள் செய்யப்பெற்றன என்றும், சபை கூடுதற்கு ஒருவகை ஓசையும் பாளயம் புறப்படுதற்கு வேறொருவகை ஓசையும் விதிக்கப்பெற்றன என்றும் எண்ணாகமம் பத்தாம் அதிகாரம் கூறும். நம் முன்னோரும் முரசத்தைத் தெய்வத்தன்மை உடையதாகப் போற்றினர். அறியாது முரசுகட்டிலில் ஏறித் துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்ற வரலாற்றைப் புறநானூற்றில் கற்றுளோம். படைக்கு முரசே உயிர்நாடி என்பது எந்நாட்டார்க்கும் ஒத்த கருத்தாம்.

எனினும் இக்காலத்துப் பாண்டு வாத்தியத்திற்கு அணித்தான முன்னோடி துருக்கியருடைய மெஹ்தர் என்னும் படை வாத்தியமே. உஸ்மானிய சுல்தான்களின் ஜானிசரிப் படையோடு சென்ற இவ்வாத்தியத்தில் பெருமுரசும், வெண்கலத் தாளமும், எக்காளமும், நாகசுரத்தின் இனத்ததாகிய சுர்னா என்னும் துளைக்கருவியும் இருந்தன. எதிர்நின்று அதனைக் கேட்டு அஞ்சிய ஐரோப்பியரே பதினெட்டாம் நூற்றாண்டில் அதனை விரும்பித் தம் படைகளில் அமைத்துக்கொண்டனர். மேனாட்டுப் பாண்டுகளில் பெருமுரசும் கைத்தாளமும் இடம்பெற்ற வகை இதுவே. பின்னர் 1826-ல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையைக் கலைத்தார். 1828-ல் இத்தாலிய இசைவல்லார் ஜுசெப்பே தொனிஸெத்தியை வரவழைத்து ஐரோப்பிய முறையில் புதிய பாண்டு ஒன்று அமைப்பித்தார். கிழக்கினின்று மேற்கே சென்ற கலை வேற்றுருக்கொண்டு கிழக்கிற்கே மீண்டது.

நம் நாட்டிற்கும் அது வந்தது. சென்னைக் கோட்டையில் கும்பினியார் பாண்டு வாசித்த மெட்டுக்களைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அவற்றிற்கு ஏற்ப வடமொழிச் சாகித்தியங்கள் இயற்றினார். அவை நோட்டுசுவரம் எனப் பெயர் பெற்று இன்றும் இளமாணாக்கர்க்குக் கற்பிக்கப்பெறுகின்றன.

அமெரிக்காவில் 1798-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடற்படைவீரர் பாண்டு நிறுவப்பெற்றது. 1880 முதல் 1892 வரை அதற்குத் தலைவராயிருந்தவர் ஜான் பிலிப் சூசா (1854–1932). அணிநடை மெட்டுக்கள் நூற்றுக்கு மேல் இயற்றி, மார்ச் வேந்தர் என்னும் பட்டப்பெயர் பெற்றவர் இவரே. 1896-ல் இவர் இயற்றிய நட்சத்திரக் கொடிப் பாட்டு 1987-ல் அந்நாட்டின் தேசிய அணிநடை மெட்டாகச் சட்டத்தால் ஏற்கப்பெற்றது. தோளிற் சுற்றிச் சுமக்கும் சூசபோன் என்னும் பெரும் பித்தளைக் குழலும் இவர் கருத்தின்படி அமைந்து இவர் பெயரையே தாங்கியது. வியப்பு யாதெனில், இவர் பின்னர்த் தமக்கெனச் சேர்த்த பாண்டு நாற்பதாண்டு காலத்தில் அணியாக நடந்து வாசித்தது மிகச் சில முறையே. பெரும்பாலும் அரங்கில் அமர்ந்தே வாசித்தது.

படையின்பொருட்டுப் பிறந்த இவ்வாத்தியம் சமாதானத்தின்பொருட்டும் பயன்பட்டது. 1878-ல் இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகரில் இரட்சணிய சேனையார் தெருவில் பிரசங்கம் செய்தபொழுது முரடர் அவர்களைத் தாக்கினர். ஃபிரை என்னும் கட்டடத் தொழிலாளரும் அவருடைய மைந்தர் மூவரும் பிரசங்கிமார்க்குக் காவலாய் வந்தனர். வந்தவர் தம் பித்தளைக் குழல்களையும் கொணர்ந்தனர். அடிதடியைத் தடுக்க வந்தவரின் இசை அச்சேனையின் நிலையான உறுப்பாயிற்று.

2. விளையாட்டுக் களத்தில் வளர்ச்சி

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்தாட்டத்தின் இடைவேளையே இக்கலையை வளர்த்த தொட்டிலாம். முதலில் பாண்டு படைவீரரைப் போல நேர்வரிசையில் நடந்ததேயன்றி வேறொன்றும் செய்ததில்லை. 1907-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் வரிசையைக் கலைத்துக் களத்தின்மீது ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தாய் நின்றனர். எழுத்துருவாய் நின்ற முதற் பாண்டு தமதே என அவர்கள் பெருமை பாராட்டுவர். 1936-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பாண்டு தன் மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில், ஒருவர் பின் ஒருவராய் நடந்து எழுதியது. அப்பெயரில் வரும் ‘ஐ’ எழுத்தின் தலைமேற் புள்ளியாய்ச் சென்று நிற்பவர் சூசபோன் வாசிக்கும் ஒரு மாணவர். பெரும் பித்தளைக் குழலைச் சுமந்து அப்புள்ளியாய் நிற்றலை வாழ்நாட் பேறாக அம்மாணவர் கருதுவர். ஓர் எழுத்தின் புள்ளியாதலும் பெருமையே என்பது சிந்திக்கத்தக்கது.

கல்லூரிக்கு வெளியேயும் இக்கலை தழைத்தது. முதலாம் உலகப்போரினின்று மீண்ட வீரர் சங்கங்கள் முரசும் பியூகிள் ஊதுகுழலும் மட்டும் கொண்ட குழுக்களை ஊர்தோறும் அமைத்து இளைஞரைச் சேர்த்தன. அவற்றின் வழித்தோன்றலாகிய டிரம் கோர் இன்டர்நேஷனல் தன் முதல் மாபெரும் போட்டியை 1972-ல் விஸ்கான்ஸின் மாநிலத்து வைட்வாட்டரில் நடத்தியது. அக்குழுக்களில் பித்தளைக் குழல்களும் முரசுகளும் உண்டு. கிளாரினெட் முதலிய மரக்குழல்கள் இல்லை. கொடியும் மரத்துப்பாக்கியும் வீசி ஆடுவோர் கலர் கார்டு எனப்படுவர். அவர்கள் குளிர்காலத்தில் கட்டடத்துள் ஆடுதற்கெனத் தனிச்சங்கம் 1977-ல் தோன்றிற்று. இவை யாவற்றையும் ஒருங்கே சேர்த்து அணிநடைக் கலைகள் என வழங்குவர்.

3. கண்ணுக்குப் புலனாகாத கணக்கு

நிற்க. இக்கலையைக் காண்போர் அழகை மட்டும் காண்கின்றனர்; அவ்வழகின் உள்ளே நிற்கும் கணக்கைக் காண்பதில்லை. ஒலித்தொடர் நடத்துவோர்க்குரிய செல்வம் இங்கேதான் புதைந்துள்ளது.

முதலாவது காலடிக் கணக்கு. அமெரிக்கக் கால்பந்துக் களத்தில் ஐந்து கெஜத்திற்கு ஒரு வெள்ளைக்கோடு இழுத்திருப்பர். ஐந்து கெஜம் 180 அங்குலம். அதனை எட்டுக் காலடியிற் கடத்தல் பொதுவிதி. ஆகவே ஒரு காலடி 22½ அங்குலம். ஆறு காலடியிற் கடப்பின் 30 அங்குலமாம். இது படைவீரரின் நடை. ஆறடி உயரமுள்ளவரும் ஐந்தடி உயரமுள்ளவரும் ஒரே அளவாக அடி வைத்தல் வேண்டும். நெடியவர் தம் நடையைச் சுருக்குகின்றார், குறியவர் நீட்டுகின்றார். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். எந்தத் தாளத்தட்டில், எந்தக் கோட்டினின்று எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அவர் தாம் வரையும் வட்டத்தை ஒருபொழுதும் காணார். தம் புள்ளியை மட்டுமே அறிவார். ஒவ்வொருவரும் தத்தம் புள்ளியில் உண்மையாய் நின்றால் வட்டம் தானே அமையும்.

இரண்டாவது பாதத்தின் நுட்பம். குதிகாலை முதலில் ஊன்றி மெல்ல விரல்நுனி வரை உருட்டி நடப்பர். அங்ஙனம் நடவாவிடின் உடல் குலுங்கும், உடல் குலுங்கின் உதட்டிற் பொருந்திய குழல் குலுங்கும், ஓசை நடுங்கும். பின்னோக்கி நடக்குங்கால் முன்பாதத்தில் மட்டும் ஊன்றுவர். பாதம் பக்கவாட்டிற் செல்லினும் மார்பும் குழலும் அவையோரையே நோக்கும்.

மூன்றாவதே யாவற்றினும் வியக்கத்தக்கது. அஃது ஒலியின் தாமதம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். களத்தின் நீளம் 100 கெஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர். ஆகவே ஒரு கோடியில் எழுந்த ஓசை மறுகோடியை எய்த ஒரு விநாடியில் கால்பங்கிற்கு மேலாகும். நிமிடத்திற்கு 120 தட்டுச் செல்லும் நடையில் ஒரு தட்டிற்கு அரை விநாடி. எனவே இடக்கோடியில் நிற்பவர் வலக்கோடியின் ஓசையைக் கேட்டுச் சேர்ந்து வாசிக்க முயன்றால், பாதித் தட்டிற்கு மேல் பின்தங்குவார். பக்கத்தின் ஓசையைச் செவியால் நம்புதல் கேடு தரும். ஆதலின் டிரம் மேஜர் என்னும் தலைவர் மேடைமீது நின்று கையசைப்பார். ஒளி கணமும் தாழாது வருமாகலின், அவர் கையைக் காண்போர் யாவரும் ஒரே கணத்தில் தட்டை அறிவர்.

அவ்வாறாயின் யாவரும் கையையே நோக்கினாற் போதுமோ எனின், போதாது. பின்வரிசை முரசின் ஓசை முன்வரிசையைக் கடந்தே அவையோரை அடைதல் வேண்டும். முன்னும் பின்னும் நிற்போர் இருதிறத்தாரும் கைக்கே வாசிப்பின், பின்னோர் ஓசை பிந்தியே அவையை எய்தும். ஆகவே பின்நிற்கும் முரசறைவோர் கண்ணால் தலைவரை நோக்குவர். முன்நிற்கும் குழலூதுவோர் தம் பின்னிருந்து வரும் முரசொலியைக் கேட்டு அதனோடு பொருத்தி ஊதுவர். அப்பொழுது முரசொலியும் குழலொலியும் கூடியே பயணம் செய்து ஒன்றாய் அவையைச் சேரும். பக்கத்தாரைக் கேளாதிருத்தல், பின்னுள்ளாரைக் கேட்டல், முன்னுள்ளாரைக் காணுதல் என்னும் இம்மூன்றும் அறிந்தவரே இக்கலையில் தேர்ந்தவராவர்.

இந்நுட்பத்தைக் கண்ணாற் காண்டல் எளிதன்று; செவியால் உணர்த்தலோ மிக எளிது. பயிற்சியின்போது ஓர் ஒலிவாங்கியைக் களத்தின் ஒரு கோடியிலும் மற்றொன்றை நடுமேடையிலும் வைத்து ஒரே பாட்டைப் பதிந்து அடுத்தடுத்துக் கேட்பித்தால், முன்னதில் இசை சிதறியும் பின்னதில் கூடியும் ஒலிக்கும். எவரும் அரைநிமிடத்தில் உணர்வர். எனவே, கண்ணுக்குரிய கலையைச் செவிக்கு உரைத்தல் இயலுமோ என்ற முதல் ஐயத்திற்கு விடை இதுவே: வடிவத்தின் அழகைச் சொல்லால் முற்றும் காட்டுதல் இயலாது, ஆனால் அவ்வடிவம் எங்ஙனம் நிற்கின்றது என்பதைக் கண்ணைவிடச் செவிக்கே தெளிவாய்க் காட்டலாம்.

4. சூசாவின் அச்சம்

இனி, பயன் யாது என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். இவ்வினாவை மிகக் கடுமையாய் எழுப்பியவர் அணிநடை மெட்டுக்களின் வேந்தராகிய சூசாவே. ஒலிப்பதிவுக் கருவி பரவத்தொடங்கிய காலத்தில், 1906-ல், இயந்திர இசையினால் வரும் அபாயம் என்னும் பொருள்பற்றி அவர் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். கருவி தானே பாடுமாயின் குழந்தைகள் வருந்திப் பயிலமாட்டார். வீட்டிற் பாடும் குரல் அடங்கும். இசை உயிரற்ற பண்டமாகும் என்பது அவர் கருத்து. இயற்றியவர்க்குப் பதிவினால் ஊதியம் வரவில்லை என்னும் குறையும் அவர்க்கு இருந்தது. 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதனைத் தீர்த்தது. பிற்காலத்தில் தாமும் மனம் இளகி 1929-ல் வானொலியில் வாசித்தார்.

அவர் அஞ்சியது முற்றும் நிகழ்ந்ததோ? வீட்டு முற்றத்துப் பாட்டுக் குறைந்தது உண்மையே. நம் வீடுகளிலும் அதனைக் காண்கின்றோம். ஆனால் அதே காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் பாண்டுகள் பெருகின. 1923-ல் சிக்காகோவில் பள்ளிப் பாண்டுகளுக்கென ஒரு தேசியப் போட்டியே நடைபெற்றது. எனவே கருவி தானாக இசையைக் கொல்வதுமில்லை, வளர்ப்பதுமில்லை. கேட்டவன் எழுந்து ஒரு குழலைக் கையில் எடுக்கின்றானா, அன்றி நாற்காலியிற் சாய்ந்து அடுத்த பகுதியைக் கேட்கின்றானா என்பதே உரைகல். பாட்காஸ்ட் நடத்துவோர் தம் தொடரை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் நன்று. போட்டியில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்னும் செய்தி மட்டும் கூறும் தொடர் கேட்பவனை நாற்காலியிலேயே இருத்தும். ஓர் அடியை எங்ஙனம் வைப்பது, ஓர் ஓசையை எங்ஙனம் தாங்குவது என்று கூறும் தொடரோ அவனைக் களத்திற்கு அனுப்பும்.

5. ஒழுங்கும் மனச்சாட்சியும்

இன்னுமொன்று கூறாவிடின் இக்கட்டுரை நிறைவுறாது. கறுப்பின மாணவர்க்கெனத் தோன்றிய கல்லூரிகளின் பாண்டுகள் முழங்காலை உயர்த்தி நடக்கும் மிடுக்கான நடையாலும் ஆட்டத்தாலும் புகழ்பெற்றவை. அவற்றுள் தலைசிறந்தது ஃபுளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகப் பாண்டு. வில்லியம் ஃபாஸ்டர் 1946-ல் தலைமை ஏற்று அரை நூற்றாண்டிற்கு மேல் அதனை வளர்த்தார். பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில், 1989-ல், பாரிஸ் நகர வீதியில் அமெரிக்காவின் சார்பாக நடந்தது அப்பாண்டே.

அத்தகைய பாண்டில் 2011-ல் ஓர் இளைஞர், டிரம் மேஜர்களுள் ஒருவர், பேருந்தினுள் சக மாணவராலேயே வழக்கம் என்னும் பெயரால் அடியுண்டு உயிர் துறந்தார். நாம் ராகிங் என்று கூறும் கொடுமையே அது. அடித்தோர் சிலர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். பாண்டு 2013 வரை வாய்மூடியிருந்தது. தமிழ்நாட்டிலும் இக்கொடுமையைத் தடுக்க 1997-ல் சட்டம் இயற்றவேண்டி நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.

இதனை எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது. நூறு பேரை ஓருடலாய் நடத்தும் ஒழுங்கு எதுவோ, அதுவே நூறு பேரை ஒருங்கே வாய்மூடச் செய்யவும் வல்லது. பக்கத்தாரோடு ஒத்து நடத்தல் களத்திற் குணம். தீமை நிகழுமிடத்தில் அதுவே குற்றம். அடியளவு பிசகாமற் காத்தவர், அடிக்கும் கையைப் பிசகென்று கூறத் துணியவில்லை. ஒரு கல்லூரியில் வாழும் நமக்கும் இது பொருந்தும். விடுதியிலும் விளையாட்டுக் குழுவிலும், ஏன், பாடகர் குழுவிலுங்கூட, ஒற்றுமை என்னும் நற்பெயரின்கீழ் எளியவர் ஒருவர் வருந்துதல் உண்டு. பக்கத்தாரின் ஓசையைச் செவியால் நம்புதல் கேடு தரும் என்று மேலே கணக்கினாற் கண்டோம். அக்கணக்கு ஒழுக்கத்திற்கும் ஒக்கும். நாம் நோக்கவேண்டிய தலைவர் ஒருவர் உயரத்தில் நிற்கின்றார். அவர் கையை நோக்குபவன், சுற்றிலும் எழும் ஆரவாரத்தால் தன் அடியை இழக்கமாட்டான்.

6. முடிவுரை

ஆகவே இக்கலைபற்றி ஒலித்தொடர் தொடங்குவோர் மூன்று கடமைகளை மேற்கொள்வாராக. வரலாற்றை உள்ளவாறு உரைக்க. நுட்பத்தைச் செவி உணருமாறு விளக்க. இழைத்த குற்றத்தையும் மறையாது கூறுக. புகழ்ச்சி மட்டும் பேசும் குரல் ஊதுகுழலுக்கு ஒப்பாகுமேயன்றி எக்காளத்திற்கு ஒப்பாகாது. பொருள் விளங்காத எக்காள ஒலியாற் படைக்குப் பயனில்லை என்னும் கருத்தைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையார்க்கு எழுதினார். முகம் காணாத குரலொன்று, எங்கோ தனித்திருக்கும் ஓரிளைஞனின் செவியிற் பேசுகின்றது. அவன் அதனைக் கேட்டு எந்தத் திசையில் அடியெடுத்து வைப்பான் என்பது அக்குரலின் தெளிவைப் பொறுத்தது.

கல்லூரி நண்பர்காள்! நம்மில் பலர் எந்தப் பாண்டிலும் சேரமாட்டோம். ஆயினும் நாம் யாவரும் முழுவடிவம் காணாத புள்ளிகளே. நம் புள்ளி எது என்று அறிந்து அதில் உண்மையாய் நிற்போமாக. வரையப்படும் உருவத்தை மேலிருந்து காண்பவர் ஒருவர் உளர்.